பின் ஜன்னலோரம் சத்தம் போட்டுப் படித்த பிள்ளைகள்

நான் வேலை பார்த்த கிளை நூலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் போன வாரம் போன் செய்தாள். குழந்தைகளின் பாதுகாப்புக்கென்று நூலகத்துக்குக் கேமரா வரப்போகிறதாம்.

"வாசல்ல ஒண்ணு மாட்டிரலாங்க்கா. இன்னொண்ணை எங்கீங்க வைக்கிறது? நீங்கெல்லாம் கேமரா இல்லாம எப்படித்தான் இத்தன புள்ளைகளப் பாத்துக்கிட்டீங்களோ!" என்றாள்.

"கேமராவ அப்பறம் மாட்டலாம் தாயி. மொதல்ல அந்தப் பின் ஜன்னலப் பத்தித் தெரிஞ்சுக்கோ," என்றேன்.

பின் ஜன்னலில் அப்படி என்ன என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு ஒரு குணம் உண்டு. எதையாவது புரியாமல் பார்த்துவிட்டால் அது என்னவென்று தெரிகிற வரைக்கும் சோறு இறங்காது. வீட்டில் இதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். "ஊர் வம்பு உனக்கெதுக்கு?" என்பார் என் வீட்டுக்காரர். வம்பு இல்லை, எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நூலக வேலைக்கு இந்தக் குணம் கெட்டதில்லை.

கோயம்புத்தூரில்தான் நூலக அறிவியல் படித்தேன். புத்தகத்துக்கு எண் போடவும் அடுக்கவும் சொல்லித் தந்தார்கள். மூடுபனியில் நனைந்த ஸ்வெட்டரோடு ஒரு எட்டு வயசுப் பிள்ளை தனியாக வந்து நின்றால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற பாதையில் இருந்த எங்கள் சின்ன ஊருக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே அப்படி நாலைந்து பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

எஸ்டேட் பிள்ளைகள். அப்பா அம்மா இரண்டு பேரும் தேயிலைக் காட்டில். கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அவர்கள் வரச் சாயங்காலம் ஆகிவிடும். பள்ளிக்கூடம் அதற்கு வெகு முன்பே விட்டுவிடும். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போகிற பாதை தேயிலைக்கு நடுவே இறங்குகிறது, அதில் காட்டுமாடு நிற்கும். பிள்ளைகள் தனியாகப் போக முடியாது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நூலகம் இருந்ததால் அம்மாக்கள் அங்கே உட்காரச் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு அது பிள்ளையை விட்டுவைக்கிற இடம். நான் என்ன ஆயாவா என்று முதல் சில மாதங்கள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதும் பிடித்தும் போயிற்று.

அவர்களைப் பார்த்துக்கொள்ள நானே சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன். அதில் முக்கியமானது செருப்பு ஸ்டாண்டு. நூலகத்துக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது. வாசலில் ஸ்டாண்டு இருந்தது. அதன் கீழ்த்தட்டைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம். மழைக்காலத்தில் கலர் கலராக ரப்பர் கம்பூட்ஸ் நிற்கும். பிள்ளை உள்ளே இருந்தால் பூட்ஸ் ஸ்டாண்டில் இருக்கும். பூட்ஸ் இல்லையென்றால் பிள்ளை போய்விட்டது. பெயர் கூப்பிட்டு வருகை எடுத்திருந்தால் இதுவும் பள்ளிக்கூடம் என்று நினைத்து ஓடியிருப்பார்கள். என் மேஜையிலிருந்து தலையைத் திருப்பினால் ஸ்டாண்டு தெரியும்.

இன்னொன்று, யாரும் கேட்டில் நின்று பிள்ளையைக் கூப்பிடக் கூடாது. உள்ளே வந்து என்னிடம் முகம் காட்டித்தான் கூட்டிப் போக வேண்டும். ஒருமுறை ஓர் ஆள் ஜீப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பாப்பாவோட அம்மா கூட்டியாரச் சொன்னாங்க," என்றான். "அம்மா இன்னிக்கு எந்தக் காட்டுல பறிக்கிறாங்க?" என்று கேட்டேன். திருதிருவென்று முழித்தான். போஜண்ணன் செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். ஜீப் போய்விட்டது. போஜண்ணன் தினமும் வருகிறவர், இந்த மலையின் படகர் இனத்துக்காரர். பேப்பரில் ஒரு வரி விடாமல் படிப்பார், படித்ததையெல்லாம் நமக்கும் சொல்வார். அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து படித்தார்.

எங்கள் மேலதிகாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்ட மனுஷர் இல்லை. ஆய்வுக்கு வந்தால் உட்கார மாட்டார், டீ குடிக்க மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஒவ்வோர் அலமாரியாக நடப்பார். கேள்வி கேட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்ப்பார். பதில் ஒரு வார்த்தை கூடினாலும் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். குரல் அவ்வளவு மெதுவாக இருக்கும், அவர் பேசினால் மற்றவர்கள் தானாகவே வாயை மூடிக்கொள்வார்கள். நூலகத்தில் சத்தம் அவருக்கு ஆகவே ஆகாது.

கழிவறையைப் பூட்டி வைக்கச் சொன்னவர் அவர்தான். அதிலும் நியாயம் இருந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்களெல்லாம் வந்து போய் அது நாறிக் கிடந்தது. பூட்டினோம். படிக்க வந்தவர்கள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். போஜண்ணன் தேயிலைத் தூரில் ஒரு கட்டை வெட்டிக்கொண்டு வந்து சாவியில் கட்டினார். "இத எவன் பையில போடறான்னு பாப்போம்!" என்றார். முழங்கை நீளக் கட்டை. அது என் மேஜையில் கிடக்கும். எனக்கு எதிரே பேப்பர் மேஜை. அதைச் சுற்றி எப்போதும் ஆம்பளைகள். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் கட்டையை எடுத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி வாசல் வழியாகச் சுற்றிப் போக வேண்டும்.

பிள்ளைகளின் மூலை ஹாலின் பின்பக்கம். அங்கே ஒரு ஜன்னல். பக்கத்தில், அலமாரி மறைத்த இடத்தில், பின்கதவு. அதைத் திறந்தால் நேரே தேயிலை.

பெண் பிள்ளைகளிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். திடீரென்று ஒருத்தி ஜன்னலோரம் நின்று சத்தம் போட்டுப் படிப்பாள். கதைப் புத்தகமோ பாடப் புத்தகமோ, கையில் கிடைத்ததை. கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவாள். பிறகு இன்னொருத்தி. பையன்கள் ஒருத்தனும் அப்படிப் படித்ததில்லை. "மெதுவாப் படிங்கடி," என்பேன். கேட்க மாட்டார்கள். பெண் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை அதிகம் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட. பின்கதவுப் பக்கம் தரையில் சில நாள் ஈரம் இருக்கும். ஓடு ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நீலகிரியில் எது ஒழுகவில்லை!

நிவேதாவும் ரம்யாவும் நாலாம் வகுப்பு. இரண்டு பேரும் ஒரே லைன் வீட்டு வரிசை. நிவேதா பேசவே மாட்டாள். ரம்யா நிறுத்தவே மாட்டாள்.

ஒரு நாள் மேலதிகாரி ஆய்வுக்கு வந்தபோது நல்ல மூடுபனி. எதிரே பஸ் நிற்பது தெரியவில்லை, ஹாரன் சத்தம்தான் கேட்டது. அவர் பிள்ளைகள் பகுதிக்குப் போனபோது ரம்யா ஜன்னலோரம் நின்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்று உதட்டில் விரலை வைத்தார். ரம்யா நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. அதிகாரியைக் கண்டு பயப்படுகிறாள் என்று நினைத்தேன். மறுபடி ஒருமுறை வாயைத் திறந்தாள், அவர் தலையை ஆட்டினார், நானும் முறைத்தேன். அவர் அந்த மூலையிலேயே நின்று புத்தகங்களைச் சரிபார்த்து முடிக்கிறவரை ஒரு சத்தம் இல்லை. "இப்பத்தான்மா நூலகம் மாதிரி இருக்கு," என்று சொல்லிக் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

அவர் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது நிவேதாவின் அம்மா சாந்தி, தலையில் கட்டிய சாக்கு ஈரம் சொட்ட, பிள்ளையைக் கூட்டிப் போக வந்தாள். நிவேதாவின் சிவப்பு பூட்ஸ் ஸ்டாண்டில் இருந்தது. உள்ளே நிவேதா இல்லை.

பூட்ஸ் இருக்கிறது, பிள்ளை இல்லை! அலமாரி இடுக்கு, மேஜை அடி, எல்லாம் பார்த்தோம். பேப்பர் மேஜை மொத்தமும் எழுந்தது. போஜண்ணன் வெளியே ஓடி, "காலையில அந்தப் பக்கம் ஒத்த மாடு நின்னுச்சு!" என்று கத்தினார். ஆளுக்கொரு பக்கம், "நிவேதா! நிவேதா!" என்று கூச்சல். சாந்தி தேயிலைப் பக்கம் ஓடி மார்பில் அடித்துக்கொண்டு கூப்பிட்டாள். பனியில் இரண்டு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அதிகாரி ஒரு காலில் ஷூவோடு நின்றார்.

அப்போதுதான் ரம்யா அதைச் செய்தாள். ஜன்னலைத் திறந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அழுகையோடு பாடப் புத்தகத்தைச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்தாள். கூடவே திரிகிற பிள்ளையைக் காணவில்லை, இவள் தண்ணீர் ஆவியாவதைப் பற்றிப் படிக்கிறாள்!

"ஏண்டி, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று கத்தினேன். அவள் நிறுத்தவில்லை. இன்னும் உரக்கப் படித்தாள்.

பின்கதவு திறந்தது. நிவேதா வந்தாள். வெறுங்கால், நனைந்த பாவாடை, கணுக்காலில் அட்டை. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. சாந்தி ஓடி வந்து முதுகில் ஓர் அறை வைத்துவிட்டு அதே கையால் கட்டிக்கொண்டாள்.

"எதுக்கு வெளிய போன?" என்று அதிகாரி கேட்டார். நிவேதா அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ரம்யாவைக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டாள். சாந்தி குனிந்து பிள்ளையின் காலிலிருந்த அட்டையைப் பிடுங்கினாள். அவர் கூரையைப் பார்த்து அந்த மெதுவான குரலில் சொன்னார்: "திங்கக்கெழமயிலிருந்து பெரியவங்க கூட வராத எந்தக் குழந்தையையும் உள்ள விடக்கூடாது. பின்கதவுக்குப் பூட்டுப் போடுங்க. நான் நேர்ல வந்து பாப்பேன்."

பெரியவர்கள் கூட வருவதா? அவர்கள் எல்லாம் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் இனி எங்கே போவார்கள்? ரோட்டோரம் நிற்க வேண்டும், இல்லையென்றால் மாடு நிற்கிற பாதையில் தனியாக இறங்கிப் போக வேண்டும். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் பாதி என்றால், மீதிப் பாதி அந்தக் கேள்வி. எதற்குப் போனாள்? அதைவிட, அந்த ரம்யா எதற்குப் படித்தாள்?

பேப்பர் மேஜையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கொய்யா பறிக்கப் போயிருக்கும், செல்போன் பார்க்கப் போயிருக்கும், மாட்டை வேடிக்கை பார்க்கப் போயிருக்கும் என்று. படித்ததற்கு யாரும் காரணம் சொல்லவில்லை, யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுச் சாந்தி பறிக்கிற காட்டுக்கே போனேன். மேஸ்திரி என்னை விநோதமாகப் பார்த்தார். பெண்கள் வரிசையாக நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். வரிசைக் கடைசியில் ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தாள். முந்தின நாள் டிவியில் பார்த்த சீரியல் கதை. யாரும் அவளைப் பார்க்கவில்லை, யாரும் பதில் சொல்லவில்லை. மலையே கேட்கிற குரலில் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா யார்கிட்டங்க பேசுது?" என்று சாந்தியைக் கேட்டேன்.

சாந்தி முதலில் சிரித்து மழுப்பினாள். நான் விடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினாள். எஸ்டேட்டில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உள்ள நம்ம ஆளு ஒண்ணு போயிருக்கு டீச்சர். ஒதுங்க. இங்க எங்க இருக்கு கக்கூசு? ஒருத்தி போனா ஒருத்தி வெளிய நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு கேட்டா பயமில்ல. பேச்சு நின்னுட்டா மாடு வருது, இல்ல ஆம்பள எவனோ வர்றான்னு அர்த்தம். அசையாம அங்கனயே குந்திக்கணும். மறுபடி பேச்சு கேக்குற மட்டும் எந்திரிக்கக் கூடாது."

சீரியல் கதை சொல்கிற அந்தக் குரலை நான் மறுபடி காது கொடுத்துக் கேட்டேன்.

"ரம்யா படிச்சது..."

"ஆமாங்க. அதுங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நாங்கதான். எம் புள்ள அந்தக் கட்டையத் தூக்கிட்டு அத்தன ஆம்பளைங்க முன்னாடி போவாளா? செத்தாலும் போவமாட்டா. தண்ணி குடிக்காதன்னுதான் சொல்லி அனுப்புவேன். குளுருக்கு அடக்க முடியுமா டீச்சர்?"

"நாங்க எல்லாரும் அத்தன சத்தமாக் கூப்பிட்டமே, அதுக்காவது வந்திருக்கலாம்ல?"

"மாட்ட வெரட்டத்தான் எல்லாரும் அப்புடிக் கத்துவோம். கத்துறது கேட்டா இன்னும் பதுங்கணும்னு சொல்லியிருக்கேன்," என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். "பெத்தவ நானே கூப்புட்டும் வரலியே டீச்சர், அவ்வளவு சொன்ன பேச்சு கேக்குற புள்ள." எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

நான் வாசலில் செருப்பைப் பார்த்துக் காவல் காத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பொடிசுகள் தங்களுக்கென்று தனியாக ஒரு காவல் வைத்திருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி சொன்னபடி வந்தார். பிள்ளைகளை நான் வராந்தாவில் உட்கார வைத்திருந்தேன். உள்ளே விட்டால் உத்தரவை மீறியதாகும், வெளியே அனுப்ப எனக்கு மனசில்லை. அவர் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏம்மா, இந்தப் பிள்ளைங்க இன்னும் இங்க இருக்குதுங்க?"

சொன்னேன். கையை உயர்த்தினார். நான் நிறுத்தவில்லை. காட்டில் கேட்டது, ரம்யா படித்தது, அவர் விரலை உதட்டில் வைத்தது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"கழிவறை இருக்கு. சாவி கேட்டா குடுக்கப் போறீங்க," என்றார்.

கட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இதத் தூக்கிக்கிட்டு இவங்க அத்தன பேரையும் தாண்டி எந்தப் பொம்பளப் புள்ள போகும், சார்?"

பேப்பர் மேஜையில் யாரும் நிமிரவில்லை. போஜண்ணன் காது சிவந்துபோய்க் கண்ணாடியைத் துடைத்தார். அதிகாரி கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதல்முறையாகக் கூரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"படிக்கிற சத்தம் அங்க வரைக்கும் கேக்குமாம்மா?"

"எனக்கும் அதுதாங்க சார் தெரியல. போய்ப் பாத்துருவமே," என்றேன்.

ரம்யாவைக் கூப்பிட்டேன். அவள் ஜன்னலோரம் நின்று படிக்க ஆரம்பித்தாள். அதிகாரி வாசலுக்குப் போய் ஷூ எடுக்கத் திரும்பினார். "புள்ளைங்க ஷூ எடுக்க வராதுங்க சார்," என்றேன். ஒரு கணம் நின்றார். பிறகு சாக்ஸோடு பின்கதவைத் திறந்து இறங்கினார். அன்றும் பனிதான். நாலு எட்டு வைப்பதற்குள் ஆள் மறைந்துவிட்டார்.

ரம்யா படித்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் எல்லோரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் படிப்பு நின்றது.

பனிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. அத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

"பாப்பா! நிறுத்தாதம்மா! படி!"

அவள் படித்தாள். அவர் திரும்பி வர நேரமாயிற்று. சாக்ஸும் பேன்ட்டின் கீழ்ப்பக்கமும் சொதசொதவென்று நனைந்திருந்தன. வந்ததும் சாவியைக் கட்டையிலிருந்து அவிழ்த்து என்னிடம் கொடுத்து, "இது சாயங்காலத்துல பூட்டுலயே இருக்கட்டும். பிள்ளைங்க பக்கமிருந்து கழிவறைக்கு உள்ளேயே ஒரு வழி வெட்டணும், நான் எழுதி வாங்கறேன்," என்றார். வராந்தாவைப் பார்த்து, "அதுங்கள உள்ள கூப்பிடுங்க. குளுருது," என்றார்.

பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே ஓடி வந்தார்கள். நிவேதா கடைசியாக வந்து, சிவப்பு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, அதிகாரியைச் சுற்றிக்கொண்டு போய் ரம்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

என் குணம் என்னை விடுமா? பக்கத்தில் போய்க் கேட்டுவிட்டேன்.

"சத்தம் நின்னப்ப என்னங்க சார் நெனச்சீங்க?"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர் அவர். "ஒண்ணும் நெனைக்கலம்மா. கால எடுத்து வைக்க முடியல," என்றார்.

சத்தம் நின்றிருந்தது, ரம்யா புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பிய நேரம் மட்டும்தான்.